பேட்டரிக்கு நான்கு நட்சத்திரம்

நான் கேமரா வாங்கியது படம் எடுக்கத்தான் என்பதை என் மனைவி ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. அவள் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. சேலத்துக் கடையில் மூன்று கேமராக்களை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். மூன்றுமே புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான டிஎஸ்எல்ஆர். எனக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடைக்காரர் நடுவில் இருந்ததைத் தொட்டு, "இதுக்கு மட்டும் பேக், ஸ்டாண்டு, மெமரி கார்டு, துடைக்கிற துணி, தூசி ஊதற ரப்பர் பலூன் எல்லாமே ஃப்ரீங்க" என்றார். அந்தக் கணத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது.

ஏர்க்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று கீழே சமவெளியில் நினைத்துக்கொள்கிறார்கள். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, மருந்து தெளிக்கும் பம்ப்பை எடுத்துப் போனவர் திருப்பி வைத்தாரா என்று எழுதுகிற ரைட்டர் நான். லாரியில் உரமூட்டை வந்தால் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன். சாமான் சரியாக வந்ததா என்பது என் கவலை. அதைப் போட்டுச் செடி வளர்ந்ததா என்பது வேறு யாருடைய கவலையோ. பதினாறு வருடம் இப்படி டிக் அடித்த கைக்கு ஒரு கேமரா கிடைத்தால் என்ன செய்யும்? டிக் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். பையில் ஒன்பது அறைகள் இருந்தன. எதில் எதை வைப்பது என்று முடிவு செய்யவே இரண்டு மாலைகள் ஆயின. ஸ்டாண்டு மிக நல்ல ஸ்டாண்டு. மேலே கேமரா வைக்காதவரை ஆடாமல் அசையாமல் நின்றது. ரப்பர் பலூனை மனைவி எடுத்துத் தையல் மிஷினுக்குள் இருந்த நூல்தூசியை ஊதிப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பித் தரவில்லை. என் பட்டியலில் பயன்பாடு நிரூபிக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

"எப்பத்தான் படம் எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"முதல்ல மதிப்பீடு முடியட்டும்."

சென்னையில் இருக்கும் மைத்துனன் போனில் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, இப்படிப் பிரிச்சுப் பார்த்து மார்க் போடறதையே வீடியோவாப் போடறாங்க. நீங்களும் போடுங்க" என்றான். போட்டேன். கேமராவைப் பற்றிய வீடியோ என்பதால் கேமராவாலேயே எடுக்க முடியாது. மனைவி தன் போனில் எடுத்தாள். என் சேனலைப் பின்தொடர்ந்தவர்களில் பாதிப் பேர் அவளுடைய சொந்தக்காரர்கள். மீதிப் பேர் யார் என்று தெரியாததால் அவர்களை நான் 'ரசிகர்கள்' என்று அழைத்துக்கொண்டேன். பையைப் பற்றி ஒரு வீடியோ. தோளில் மாட்டும் வாரைப் பற்றி ஒரு வீடியோ. லென்ஸ் மூடி தொலையாமல் இருக்க நூல் கட்டுவது பற்றி இரண்டு பாகங்கள்.

ஏர்க்காட்டு ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று எங்கோ படித்தேன். ஈரத்தை அரிசி உறிஞ்சும் என்றும் அதே இடத்தில் போட்டிருந்தது. கேமராவைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். சாயங்காலம் உலை வைக்க வந்த மனைவி டின்னுக்குள் கையை விட்டு, படிக்குப் பதிலாக லென்சைப் பிடித்து இழுத்தாள். கொஞ்ச நேரம் அதையும் என்னையும் பார்த்தாள்.

"ராத்திரிச் சோத்துக்கு எத்தனை மெகாபிக்சல் போடட்டும்?"

அடுத்து பேட்டரி. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஐந்நூறு படம் வரை எடுக்கலாம் என்று கையேட்டில் இருந்தது. சொன்னதை அப்படியே நம்ப நான் என்ன ஏமாளியா? மூட்டையில் எழுதியிருக்கும் எடையைத் தராசில் போட்டுப் பார்க்காமல் நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. கேமராவோடு வந்த பேட்டரி ஒன்று, நானாகத் தனியே வாங்கிய பேர் தெரியாத கம்பெனி பேட்டரி ஒன்று. இரண்டையும் சோதிப்பது என்று தீர்மானித்தேன்.

ஐந்நூறு படத்தால் கார்டை நிரப்புவானேன் என்று கேமராவின் மெனுவைத் துழாவியதில், கார்டு போடாமலே கிளிக் செய்ய ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்தேன். எடுத்த படம் பின்னால் திரையில் தெரிவதையும் நிறுத்திவிட்டால் பேட்டரி இன்னும் நீடிக்கும் என்று ஒரு நிபுணர் சொல்லியிருந்தார். அதையும் நிறுத்தினேன். எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலில் கேமராவை வைத்துக்கொண்டு, எதிரே இருந்த சில்வர் ஓக் மரத்தை நோக்கிக் காலை ஏழு மணியிலிருந்து கிளிக், கிளிக், கிளிக். நூறு ஆனதும் நோட்டில் ஒரு கோடு.

அந்த மரத்தடியில்தான் காலையில் ஆட்கள் பேர் கொடுக்க நிற்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் ஏழரைக்கு வர வேண்டியவர்கள் ஏழு இருபதுக்கே வந்து வரிசையில் நின்றார்கள். சிலர் தலைவாரி, பவுடர் போட்டிருந்தார்கள். ஒருவர் துவைத்த சட்டையோடு வந்திருந்தார். அந்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ரைட்டர், டிசிப்ளின் நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். கோயம்புத்தூர்க்காரர், நாங்கள் செய்யும் எதிலும் ஒரு முன்னேற்றத்தைக் கண்டுபிடித்து அதைத் தன் அறிக்கையில் சேர்த்துவிடுவார். நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

விஷயத்தை நேராகக் கேட்டவர் ஓர் அக்காதான். தலைச்சோலையிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர். காப்பிப் பழம் பறிக்கும் பெண்களில் மூத்தவர். மேனேஜரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மற்றவர்கள் அவரைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அன்று ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க ரைட்டரே, எங்களையப் படம் புடிச்சு மேனேஜருக்கு அனுப்பறீங்களாமா?"

"ஐயோ, இல்லீங்கக்கா. பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்க்கறேன்."

"பேட்டரி நிக்கறதப் பாக்கறதுக்கு நாங்க எதுக்குங்க நிக்கோணும்?"

"உங்களை எடுக்கலீங்க. அந்த மரத்தைத்தான் எடுக்கறேன்."

அவர் திரும்பி மரத்தைப் பார்த்தார். "எத்தன படம்?"

"ஐந்நூறு வருதான்னு பார்க்கறேன்."

"ஐந்நூறும் அந்த மரமா? காட்டுங்க பாக்கலாம்."

"காட்ட முடியாதுங்க. கார்டு போடாம எடுக்கறது. எதுவும் பதியாது."

"அப்ப ஒரு வாரமா நீங்க சும்மா சத்தம் மட்டும் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

கோடு போட்ட நோட்டை மூடி வைத்தேன். அவரே தொடர்ந்தார். "வயசாச்சுன்னு எனக்கு இந்த ஐப்பசியோட வேல முடியுதுங்க. அன்னிக்கு என்னைய ஒண்ணு எடுத்துக் குடுங்க. ஆதார் கார்டுல என்னையப் பாத்தா போலீஸு தேடற ஆளாட்டம் இருக்குது. நல்லதா ஒண்ணு வேணும். சத்தம் மட்டும் பத்தாது, படமும் வரோணும்."

"அக்கா, இது ப்ரொஃபஷனல் கேமரா. கவலைப்படாதீங்க" என்றேன்.

பேட்டரிச் சோதனையின் முடிவை அந்த வாரமே வீடியோவாகப் போட்டேன். கேமராவோடு வந்த பேட்டரிக்கு ஐந்து நட்சத்திரம். பேர் தெரியாத பேட்டரிக்கு நான்கு. அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்தது பேர் தெரியாததற்காக மட்டும்தான். ஜன்னலில் உட்கார வைத்துச் சோதித்தபோது அது நன்றாகவே உழைத்தது. ஜன்னலுக்கு வெளியே அது எப்படி உழைக்கும் என்ற கேள்வி என் மதிப்பீட்டு முறையில் இல்லை.

பிறகு கார்டுகள். இலவசமாக வந்தது பதினாறு ஜிபி. அது போதாது என்று ஆன்லைனில் தள்ளுபடியில் நூற்று இருபத்தெட்டு ஜிபி கார்டு ஒன்று வரவழைத்தேன். தங்க நிறத்தில் பார்க்கவே லட்சணமாக இருந்தது. அதில் எடுத்த படங்களில் பாதி, மேல்பக்கம் மரமும் கீழ்ப்பக்கம் சாம்பல் நிறப் பட்டையுமாக வந்தன. மூடுபனி என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்குள் எடுத்த படத்திலும் மூடுபனி வந்ததும் கார்டு போலி என்று புரிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருக்கிற ஒரே நல்ல கார்டின் வேகத்தை அளக்கலாம் என்று லேப்டாப்பில் செருகினேன். படங்களை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஒரு வாரம் கழிந்தது.

அக்காவின் கடைசி வேலைநாளன்று எஸ்டேட் முதலாளியும் பெங்களூரிலிருந்து வருவதாகத் தகவல் வந்ததும் மேனேஜருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாதாரணமாக, விடைபெறுகிறவர்களுக்கு ஆபீசில் ஒரு டீயும் பன்னும் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். இந்த முறை ஷாமியானா, மைக், பொன்னாடை, நினைவுப் பரிசாகச் சுவர்க்கடிகாரம். 'எங்கள் எஸ்டேட் ஒரு குடும்பம்' என்று காப்பிப் பொட்டலத்தோடு வைக்கும் தாளுக்கு ஒரு படம் வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தாராம். போட்டோகிராபரைக் கூப்பிடலாமா என்று மேனேஜர் கேட்டபோது, "நான் எதுக்கு சார் இருக்கேன்?" என்றேன்.

அதோடு நிற்கவில்லை. ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றால் நன்றாக இருக்காது என்றும் சொல்லிவைத்தேன். மேனேஜர் மைக்கிலேயே அறிவித்தார்: "யாரும் செல்போன்ல எடுக்க வேண்டாம். நம்ம ரைட்டர் ப்ரொஃபஷனலா எடுக்கறார். எல்லாருக்கும் காப்பி கிடைக்கும்." என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது அறைப் பை தோளில், ஸ்டாண்டு கையில், கழுத்தில் வார், லென்சில் நூல் கட்டிய மூடி. என் வாழ்நாளில் அவ்வளவு பேர் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்தது அன்றுதான்.

பனி இறங்கியிருந்தது. என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, கேமராவின் துளை வழியே முகங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. ஓரத்தில் சின்னதாக ஏதோ மினுக்கியது. பேட்டரியாக இருந்தால் கவலைப்பட்டிருப்பேன்; பேட்டரிக் கோடுகள் முழுசாக இருந்தன. முதலாளி பொன்னாடை போர்த்தினார். கிளிக். கடிகாரம் கொடுத்தார். கிளிக். "அக்கா, இந்தப் பக்கம் பாருங்க. சிரிங்க. இன்னும் கொஞ்சம்." அக்கா பக்கத்திலிருந்த பெண்ணிடம், "இனி நேரத்துக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போட்டு, கடியாரத்தக் குடுக்கறாங்க பாரு" என்று முணுமுணுத்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் வாய் விட்டுச் சிரித்தார். கிளிக், கிளிக், கிளிக். பேட்டரிக் கணக்குக்காக நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். மொத்தம் அறுபத்து மூன்று.

மத்தியானம் ஆபீசில் உட்கார்ந்து, படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று கேமராவின் கீழே இருந்த சிறு கதவைத் திறந்தேன். கார்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்து மட்டும் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். ஏன் உதறினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பையின் ஒன்பது அறைகளையும் திறந்து பார்த்தேன். அவற்றில் எதையாவது வைக்கலாமே தவிர, வைக்காததை எடுக்க முடியாது.

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"கார்டா? லேப்டாப்புலயேதான் இருக்குது. காலையிலயே பார்த்தேன்" என்றாள் மனைவி.

"பார்த்தா சொல்லக் கூடாதா?"

"உங்க மதிப்பீட்டுல நான் தலையிடறதில்லையே."

மூன்று நாட்கள் மேனேஜரிடம் பொய் சொன்னேன். முதல் நாள், "ப்ராசசிங்ல இருக்குதுங்க சார்." இரண்டாம் நாள், "எடிட்டிங்." மூன்றாம் நாள், "கலர் கரெக்‌ஷன்." ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் மரியாதையாகத் தலையாட்டினார். இல்லாத படங்களைப் பற்றி இவ்வளவு நுட்பமாகப் பேச முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் அக்கா நின்றார். கையில் ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சு.

"எங்க காட்டுல காச்சதுங்க. குழந்தைகளுக்குக் குடுங்க. படம் வந்துருச்சுங்களா?"

அந்த ஆரஞ்சுப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு என்னால் 'கலர் கரெக்‌ஷன்' என்று சொல்ல முடியவில்லை. உட்காரச் சொல்லி, நடந்ததை அப்படியே சொன்னேன். கார்டு போட மறந்தது, கார்டு இல்லாமலும் கிளிக் ஆகும்படி நானே வைத்திருந்தது, படம் திரையில் வராதபடி நானே நிறுத்தியிருந்தது. சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஒண்ணு கூட இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா."

"அத்தன பேருக்கு முன்னால சிரிங்க சிரிங்கன்னு சொன்னீங்க. நானும் சிரிச்சனே." தன் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் அப்பிடியெல்லாம் சிரிக்கறவ இல்லீங்க ரைட்டரே. படத்துல வரப்போவுதேன்னு சிரிச்சேன்."

மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டாள். அவள் ஏதாவது கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. திட்டு வாங்கப் பழகியவன்தான் நான். எடை குறைந்தால் திட்டுவார்கள், பேர் விட்டுப்போனால் திட்டுவார்கள். இது திட்டே இல்லை. அதனால்தான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டீயைக் குடித்து முடித்துவிட்டு அக்கா நிமிர்ந்தார். "மறுக்கா எடுங்க."

"எடுக்கறேங்க. எங்கே வேணா, எப்ப வேணா."

"ஷாமியானாவெல்லாம் வேண்டாங்க. முதலாளி பங்களா வராந்தாவுல ஒரு பெரம்பு நாற்காலி கெடக்குதில்ல, அதுல உக்காந்துக்கறேன். வயசுல பத்து வருசம் பங்களாவுல வேல செஞ்சேன். அந்த நாற்காலியத் தொடைக்காத நாளில்ல. உக்காந்ததில்ல." அவர் குரலில் வருத்தமெல்லாம் இல்லை, வெகுநாளாகப் போட்டு வைத்த திட்டம்போல் இருந்தது. "சும்மா போய் உக்காந்தா வைவாங்க. போட்டோவுக்குன்னா ஆரு கேக்கப் போறாங்க?"

திங்கள்கிழமை மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் முன்னேற்றம் காண்கிறவர் ஆயிற்றே. இரண்டு நிமிடத்தில் தேறிவிட்டார்.

"முதலாளிக்கு இது தெரியக் கூடாது. மறுபடி எடுப்போம். முதலாளி எடத்துல நான் நிக்கறேன். அப்புறம் அவர் தலையை ஒட்டிடலாம். பண்ணலாம்ல?"

"தலையை ஒட்டலாம் சார். ஆனா உயரம்..."

"நான் செங்கல் மேல நிக்கறேன்."

புதன்கிழமை காலை பங்களாவுக்குப் போனோம். கார்டு உள்ளே இருக்கிறதா என்று வழியில் நான்கு முறை திறந்து பார்த்தேன். பையை வீட்டிலேயே விட்டிருந்தேன். ஸ்டாண்டையும். இரண்டு பேட்டரிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்கா அதே பொன்னாடையோடு, கல் மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மேனேஜர் இரண்டு செங்கல்மேல் ஏறி நின்று பொன்னாடையைப் போர்த்தினார். எடுத்துக் காட்டினேன். "கை சரியில்லை. இன்னொண்ணு." எடுத்தேன். "முதலாளி இப்படிக் குனிய மாட்டார். இன்னொண்ணு." தலை எப்படியும் வெட்டப்படப் போகிறது, ஆனாலும் அவர் ஒவ்வொரு தடவையும் சிரித்தார். பிறகு கடிகாரம். பிறகு கும்பிடு. ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். திரை எரிந்துகொண்டே இருந்தது. முந்தின ராத்திரி கார்டில் படம் பதிகிறதா என்று நூறு தடவை எடுத்துப் பார்த்துச் சோதித்திருந்ததில் பேட்டரியில் ஏற்கெனவே பாதிதான் மிச்சம். நாற்பதாவது படத்தில் சிவப்பு மினுக்கி, கேமரா அணைந்துபோனது.

"முடிஞ்சுதா? நல்லது" என்று மேனேஜர் செங்கல்லிலிருந்து இறங்கினார்.

"இனி என்னுதுங்க" என்றார் அக்கா.

நான்கு நட்சத்திரப் பேட்டரியை மாட்டினேன். கோடுகள் முழுசாகக் காட்டின. அக்கா பொன்னாடையை எடுத்து மடித்துத் தூண் ஓரத்தில் வைத்தார். நாற்காலியை நோக்கிப் போய், பழக்கதோஷமாக அதன் கைப்பிடியை ஒருமுறை உள்ளங்கையால் துடைத்தார். பிறகு நுனியில் உட்கார்ந்தார். ஒன்று எடுத்தேன். சரியாக வரவில்லை என்று அவருக்கே தெரிந்தது. பின்னால் நகர்ந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் கைப்பிடிகள்மேல் நீளமாக வைத்தார். கால்மேல் கால் போடலாமா என்று ஒரு கணம் யோசித்து, வேண்டாம் என்று விட்டார்.

சிரிக்கச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

"இப்ப எடுங்க" என்றார்.

எடுத்தேன். இன்னொன்றும் எடுத்தேன். நான்காவதுக்கு விரலை அழுத்தினபோது ஒன்றும் நடக்கவில்லை. முழுக் கோடுகளும் காட்டிய பேட்டரி, அந்தக் குளிரில் மூன்றே படத்தோடு செத்திருந்தது. சிறு கதவைத் திறந்து கார்டைப் பார்த்தேன். இருந்தது.

மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு, "சரி, எடுத்தாச்சு இல்ல? எந்திரிக்கலாம்" என்றார்.

"கொஞ்சம் இருங்க சார், இன்னும் முடியலீங்க" என்றேன். செத்த கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் நகர்ந்து ஒரு கோணம், அந்தப் பக்கம் நகர்ந்து ஒரு கோணம் பார்த்தேன். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நான் தெரிந்தே செய்த ஒரே பித்தலாட்டம் அது. கேமரா இப்போது சத்தம்கூடப் போடவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்டதும் தட்டோடு வருவது பங்களாச் சமையல்காரரின் பழக்கம். உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்காமலே அவர் காப்பியைக் கொண்டுவந்து பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, பிறகுதான் நிமிர்ந்தார். அக்கா கோப்பையை எடுத்து ஊதி ஊதிக் குடித்தார்.

"நம்ம காப்பிங்களா இது? முப்பது வருசமாப் பறிச்சேன், இப்பத்தான் குடிக்கறேன். பரவால்லீங்க, கொஞ்சம் கசக்குது."

மேனேஜரின் உடம்பில் முதலாளியின் தலையைச் சென்னை மைத்துனன் ஒட்டிக் கொடுத்தான். நேர்த்தியாக வந்திருந்தது. முதலாளிக்கு அனுப்பினோம். அன்றைய நிகழ்ச்சி மனதை நெகிழ வைத்ததாகவும், படம் அதை அப்படியே சொல்வதாகவும் பதில் வந்தது. ஆனால் தனக்கு வயிறு இவ்வளவு போட்டிருப்பதைத் தான் கவனிக்கவே இல்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அதற்குப் பிறகு அவர் தினமும் நடக்கப் போவதாக மேனேஜர் சொன்னார். சொல்லும்போது தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

என் சேனலில் ஒரு திருத்த வீடியோ போட்டேன். எந்த நிகழ்ச்சி என்று மட்டும் சொல்லாமல், கார்டு போட மறந்ததையும் சொல்லி, பேட்டரியை நான்கிலிருந்து ஒரு நட்சத்திரத்துக்கு இறக்கினேன். அதுவரை போட்ட எல்லாவற்றையும்விட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். கீழே வந்த கருத்துகளில் பெரும்பாலானவை 'எங்களுக்கும் இப்படி ஆச்சு' என்ற ரகம். ஒருவர் அண்ணன் கல்யாணத்தையே கார்டில்லாமல் எடுத்திருந்தார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் அண்ணனுக்கு இருந்திருக்காது.

அக்காவின் படத்தைச் சேலத்தில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு, சட்டமிட்டு, கார்த்திகை மாதத்தில் தலைச்சோலைக்கு எடுத்துப் போனேன். எடுத்த மூன்றில் இரண்டாவது. வாசலில் மிளகுக் கொடிக்கு ஏணி சாய்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"நான் இத்தன குட்டையா?"

"நாற்காலி பெருசுங்கக்கா."

"ம்ம்." மறுபடியும் பார்த்தார். "மூக்குத்தி நல்லாத் தெரியுது. மவ ஊட்டுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. தங்கச்சிக்காரி பாத்தா நொம்ப எரிவா, அவளுக்கும் ஒண்ணு."

அதன் பிறகுதான், நான் வந்த இன்னொரு காரியத்தைச் சொன்னேன். சீசன் தொடங்கிவிட்டது, பழம் பழுத்து உதிர்கிறது, ஆள் போதவில்லை. அவரைத் தற்காலிகமாகத் திரும்பி வரச் சொல்லிக் கேட்கும்படி மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். பொன்னாடையும் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டு, திரும்பி வாருங்கள் என்று நேரில் கேட்க மேனேஜருக்குக் கூச்சம்.

அக்கா ஏணியை ஆட்டிப் பார்த்து, உறுதியாக நிற்கிறது என்று கண்டுகொண்டு முதல் படியில் கால் வைத்தார்.

"பாக்கலாங்க. எனக்கும் மொளகு கெடக்குது."

அடுத்த வாரத்திலிருந்து வந்தார், வாரத்துக்கு மூன்று நாள். எந்த மூன்று நாள் என்பதை அவரே முடிவு செய்துகொள்கிறார். ஏழரைக்குப் பதில் ஒன்பது மணிக்கு வந்தாலும் மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.